மனநல மருந்துக்கான பணம் குறையாமலிருக்க எம்.எல்.ஏ.விடம் என்ன கேட்பது?

கேள்வி: பென்னாகரம் பக்கம் இருக்கிறோம். என் அண்ணனுக்கு ஒன்பது வருடமாக மனச்சிதைவு நோய். மாதாமாதம் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறோம். மூன்று மாதமாக ஒன்று இருந்தால் இன்னொன்று இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். மனநலத்துக்கான பணத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்றும் பேச்சு அடிபடுகிறது. நான்கு குடும்பங்கள் சேர்ந்து எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கலாம் என்றிருக்கிறோம். பயன் இருக்குமா? என்ன எழுதுவது?

பதில்: பயன் உண்டு. நான்கு குடும்பங்கள் சேர்ந்ததே பெரிய விஷயம். இந்த நோய் இருக்கும் வீடுகளில் வெளியே சொல்லவே கூசுவார்கள். மனுவுக்கு முன்னால் அண்ணனின் மாத்திரையைப் பாருங்கள். கையில் இருப்பது தீர்ந்துவிடுமே என்று பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். மருந்து நின்றதும் எதுவும் தெரியாது. சில வாரமோ சில மாதமோ கழித்துத் தூக்கம் கெடும், பழைய சந்தேகப் பேச்சு திரும்பும். இல்லாத மாத்திரைக்கு ஈடாக இருப்பில் உள்ள வேறு ஒன்றைத் தர முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். நேரங்கெட்ட நேரத்தில் உதவி தேவைப்பட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே.

சரி, பணத்துக்கு வருவோம். மனநலத்துக்குக் குறைக்கிறோம் என்று எந்த அரசும் சட்டமன்றத்தில் எழுந்து சொல்லாது. சத்தமில்லாமல்தான் குறையும். மனநல மருத்துவர் மாற்றலாகிப் போவார், அந்த இடம் காலியாகவே கிடக்கும். தாலுகா மருத்துவமனைக்கு மாதம் ஒரு நாள் வந்த குழு வருவது நிற்கும். மாத்திரை பத்து நாள் இருக்காது. ஒதுக்கிய பணம் செலவாகாமல் திரும்பிப் போகும். அடுத்த வருடம் 'இவ்வளவுதானே செலவு' என்று அந்தக் கணக்கை வைத்தே ஒதுக்குவார்கள். அதனால் 'நிதியை உயர்த்துங்கள்' என்று பொதுவாக எழுதினால் அது ஃபைலுக்குள் போய்விடும். காலி இடத்தையும் இல்லாத மாத்திரையையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அதற்கு விவரம் வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: மாவட்ட மனநலத் திட்டத்தில் அனுமதித்த பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, கடந்த 12 மாதத்தில் எந்தெந்த மனநல மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை, ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு. 30 நாளில் பதில் தர வேண்டும். மருந்தைப் பற்றி இன்னொன்றும் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மருத்துவமனை கேட்கவில்லையா, கிடங்கில் இல்லையா, கழகமே வாங்கவில்லையா? தப்பு எங்கே என்று தெரிந்தால்தான் எம்.எல்.ஏ. யாரைக் கேட்பது என்று அவருக்கும் புரியும்.

'அது மத்திய அரசுத் திட்டம்மா' என்று பதில் வரலாம். மாவட்ட மனநலத் திட்டம் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் வருகிறது. அதில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. ஆள் நியமிப்பதும் மருந்து வாங்குவதும் மாநிலத்தின் கையில். இதைப் பணிவாகச் சொல்லுங்கள். கூடவே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். பிரிவு 18(10)படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள அரசு மருத்துவமனைகளில் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதற்குப் போதிய நிதி ஒதுக்குவது அரசின் கடமை என்கிறது 18(11). இந்த இரண்டு எண்களும் மனுவில் இருந்தால் நீங்கள் கேட்பது சலுகை இல்லை, உரிமை என்பது தெரிந்துவிடும்.

ஒருமுறை அரூர் பக்கத்துக் குடும்பங்களோடு நானும் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனேன். மனுவை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டார்கள். கூட வந்த ஓர் அம்மா மஞ்சப்பையிலிருந்து மகனின் ஓ.பி. நோட்டையும் ரப்பர் பேண்டு போட்ட மெடிக்கல் பில்களையும் எடுத்து மேசையில் பரப்பினார். ஒவ்வொரு பில்லின் பின்னாலும் அன்றைக்கு விட்ட கூலியைப் பென்சிலில் குறித்திருந்தார், அவருடையது ஒன்று, கணவருடையது ஒன்று. உதவியாளர் எழுந்துபோய் எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டு வந்தார். நீங்களும் பில்களை எடுத்துப் போங்கள்.

எப்போது போவது என்பதும் முக்கியம். பட்ஜெட் வந்த பிறகு சட்டமன்றத்தில் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறைக்கும் எவ்வளவு பணம் என்ற விவாதம், நடக்கும். மக்கள் நல்வாழ்வுத் துறையின் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மனு எம்.எல்.ஏ. கையில் இருக்க வேண்டும். பேசக் கிடைக்கும் சில நிமிடத்தில் கையில் இருக்கும் தாளைத்தான் அவர் பார்ப்பார். ஆகவே ஒரே பக்கம் போதும். தேர்தல் வருடமென்றால் முதலில் இடைக்கால பட்ஜெட்தான். புது அரசின் திருத்திய பட்ஜெட்டுக்கு முன் மறுபடி போக வேண்டியிருக்கும். தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என ஐந்து தொகுதிகள். ஐந்து பேருக்கும் கொடுங்கள், கட்சி பார்க்காதீர்கள்.

நானாக இருந்தால் இன்னொன்றையும் சேர்ப்பேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்தில்தான், சூளகிரி அருகே சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகருக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. மருத்துவர் எழுதிய மனநல மாத்திரையும் அதே பையில் வரட்டுமே! ஏரியூரிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி.

அப்புறம், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுத்து ரசீது வாங்குங்கள். அண்ணனின் பெயரையும் நோயையும் மனுவில் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் பில்லிலும் பெயரை மறைத்துவிடலாம். 'நோயாளியின் குடும்பம்' என்று எழுதினாலே போதும்.