தொட்டி அடியில் என்ன போடலாம்? கெளுத்தி வளர்ப்பவர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: ஆறு கோரிடோராஸ் (சின்னக் கெளுத்தி மீன்) வாங்கப்போகிறேன். தொட்டியில் வண்ணக் கூழாங்கல் இருக்கிறது. அதுவே போதாதா?

உயிரோடு இருக்கும். ஆனால் எதைப் பார்க்க ஆசைப்பட்டு கோரிடோராஸ் வாங்குகிறீர்களோ, அதைப் பார்க்க முடியாது. இந்த மீன் முகத்தை மணலில் புதைத்து, ஒரு வாய் அள்ளி, தின்னக்கூடியதை வைத்துக்கொண்டு மிச்ச மணலைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். கூழாங்கல்லில் அந்த வேலை நடக்காது. போட்ட தீனி கற்களின் இடுக்கில் இறங்கிவிடும். மீனுக்கு எட்டாது, அங்கேயே கிடந்து அழுகும். பொடி மணலுக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: எந்த மணல்? கட்டட வேலை மணல், கடற்கரை மணல், எம்-சாண்ட் எல்லாமே கிடைக்கிறது.

எம்-சாண்ட் வேண்டாம். பாறையை உடைத்துச் செய்வதால் ஒவ்வொரு துணுக்குக்கும் முனை இருக்கும். கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும். அது மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையை ஏற்றும். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் ஒதுக்கிவிடுங்கள். நீச்சல்குள ஃபில்டரில் போடும் மணல் நல்ல தேர்வு: மணிகள் ஏறக்குறைய ஒரே அளவு, 1 மில்லிமீட்டருக்கும் குறைவு, தூசியும் கம்மி. ஆற்று மணல் என்றால் நன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உங்கள் தோலைக் கீறுவது மீனின் மீசையையும் கீறும்.

வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கலங்கல் நீங்கும்வரை அலச வேண்டும். சலிப்பான வேலைதான். அதைத் தவிர்த்தால் தொட்டி நாள்கணக்கில் பால் நிறத்தில் இருக்கும்.

கேள்வி: நான் மணல்தான் போட்டிருக்கிறேன். ஆனாலும் மீசை குறுகிக்கொண்டே வருகிறது. ஏன்?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். மீசை தேய்ந்தால் எல்லோரும் கல்லின் கூர்மையைக் குற்றம் சொல்வார்கள். என் அனுபவத்தில் கூர்மையைவிட அழுக்குதான் பெரிய எதிரி. சுத்தமாகப் பராமரித்த சரளைக்கல் தொட்டியில் முழு மீசையோடு திரிந்த மீன்களைப் பார்த்திருக்கிறேன். அழகான பொடி மணலில் மீசையே இல்லாதவற்றையும் பார்த்திருக்கிறேன். தின்னாத தீனியும் கழிவும் மணல்மேல் படிந்தால் பாக்டீரியா பெருகும். இந்த மீன் நாள் முழுக்க அதில் முகத்தை வைத்துத் தேடுகிறது. சின்னச் சிராய்ப்பு இருந்தாலே போதும், தொற்று உள்ளே போய் மீசையை அரித்துவிடும்.

உடனே மருந்து பாட்டிலைத் தேடாதீர்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு, வாரம் இரண்டு முறை கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும்போது உறிஞ்சு குழாயை மணலுக்குள் குத்தாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்து நகர்த்துங்கள். அழுக்கு மேலே வரும், மணல் கீழேயே நிற்கும். மீசையின் அடிப்பகுதி மிச்சமிருந்தால் திரும்ப வளரும். முகம் சிவந்து புண்ணாகியிருந்தால் மட்டும் மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: மணலுக்கு அடியில் கறுப்புத் திட்டு தெரிகிறது. விஷ வாயு என்கிறார்களே?

ஆக்சிஜன் போகாத ஆழத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகலாம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதுதான். ஆனால் 3, 4 சென்டிமீட்டர் மணலில் அந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லை, மீன்களே கிளறிவிடும். கல்லுக்கும் கட்டைக்கும் பக்கத்தில் மட்டும் அவ்வப்போது ஒரு குச்சியால் மெதுவாகக் கிளறிவிடுங்கள். ஆழமாக ஏற்கெனவே கறுத்துக் கிடந்தால் ஒரே நாளில் புரட்டாதீர்கள், பகுதி பகுதியாக உறிஞ்சி எடுங்கள்.

கேள்வி: மீன் இருக்கும்போதே சரளைக்கல்லை எடுத்துவிட்டு மணல் போடலாமா?

மீனை வெளியே எடுத்துவிடுவது நல்லது. கல்லைக் கிளறினால் அடியில் தேங்கிய அழுக்கெல்லாம் நீரில் கலக்கும். தொட்டித் தண்ணீரையே ஒரு பெரிய வாளியில் நிரப்பி, மீன்களை விட்டு, ஃபில்டரை அதில் ஓடவிடுங்கள். ஃபில்டரைக் கழுவ இது நேரமல்ல. அம்மோனியாவைச் சமாளிக்கும் பாக்டீரியா கல்லிலும் இருக்கிறது, ஃபில்டரிலும் இருக்கிறது. கல்லை இழக்கிறோம், ஃபில்டரையாவது காப்பாற்ற வேண்டும். பழைய கல்லில் ஒரு பங்கை வலைப்பையில் கட்டி இரண்டு வாரம் தொட்டிக்குள் போட்டு வைத்தால் இன்னும் பாதுகாப்பு. மணல் படிந்த பிறகே ஃபில்டரைத் தொட்டியில் ஓடவிடுங்கள், இல்லையென்றால் மணல் மோட்டாருக்குள் போய்விடும். அப்புறம் ஒரு வாரம் தீனி குறைவு, அம்மோனியா சோதனை அடிக்கடி.

கேள்வி: சக்கர் மீன் ஒன்று விட்டால் மணலைச் சுத்தம் பண்ணிவிடாதா?

பண்ணாது. பாசியைச் சுரண்டும், அதைவிட அதிகமாகக் கழிவு போடும். சாதாரண சக்கர் ஓர் அடியைத் தாராளமாகத் தாண்டும் மீன் என்பதையும் மறக்காதீர்கள். பிளெக்கோ (சக்கர் வகை மீன்)தான் வேண்டுமென்றால் 15 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும் பிரிஸில்நோஸ் வாங்குங்கள், சுரண்ட ஒரு மரக்கட்டையும் போடுங்கள். கோரிடோராஸும் துப்புரவுப் பணியாளர் இல்லை. மிச்சம் மீதியில் வாழட்டும் என்று விட்டால் மெலிந்து போகும். மூழ்கும் வில்லைகளை விளக்கை அணைத்த பிறகு போடுங்கள், மேல்மட்ட மீன்கள் பறித்துக்கொள்ளாது.

கேள்வி: வெறும் மணலில் செடி வளருமா?

வளரும். வேர் பக்கத்தில் உர வில்லையைப் புதையுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் கட்டையில் கட்டிவிடுங்கள். அவற்றின் கிடைத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும்.

கேள்வி: வெள்ளை மணலா, கறுப்பா?

வெளிர் நிறத்தில் மீனும் வெளிறும், அடர் நிறத்தில் நிறம் கூடும். நான் இயற்கையான பழுப்பைத்தான் சொல்வேன். பளிச்சென்ற வெள்ளையில் ஒவ்வொரு கழிவும் தெரியும். சோம்பேறிகளுக்கு அது ஒருவகையில் நல்லதுதான்.

கேள்வி: கோரிடோராஸ் திடீரென்று மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகிறது. நோயா?

இல்லை. விழுங்கிய காற்றிலிருந்து குடல் வழியாக ஆக்சிஜன் எடுக்கும் மீன் அது. எல்லா மீன்களும் ஓயாமல் மேலே வந்துகொண்டிருந்தால்தான் கவலை. அப்போது தண்ணீரைச் சோதித்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.