மலர் அடித்தாகிவிட்டது, அதில் அப்பா இல்லை

கேள்வி: என் அப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். மண்முனைத்துறையில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் தினமும் போய் வருவார். தண்ணீரில் மிதந்துவரும் கண்டல் காய்களைப் பொறுக்கிக் கரைச்சேற்றில் குத்திவிட்டு, கால் நிறையச் சேற்றோடு பிந்திப் போய் நிற்பாராம். யாரையும் கடிந்து பேசாதவர். வைகாசியில் காலமானார். 31ஆம் நாளுக்கு அடித்த நினைவு மலரில் ‘அன்பானவர், இயற்கையை நேசித்தவர்’ என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. ஆண்டுத் திவசத்துக்காவது ஒழுங்காக எழுத வேண்டும். அன்றைக்கு மரக்கன்று கொடுப்போம் என்கிறான் தம்பி. என்ன செய்யலாம்?
– ஒரு மகள், ஆரையம்பதி

பதில்: தங்கச்சி, அந்த மலருக்காக வெட்கப்படாதீர்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு பார்த்து, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, அச்சகத்துக்கும் ஓடுகிற வீட்டில் யாருக்கு எழுத்து வரும்? சிவபுராணம், திதி வெண்பா, வம்சாவளி, நன்றி நவிலல், அவ்வளவுதான். என் அம்மாவின் மலரும் அப்படித்தான் வந்தது. பெயரை மாற்றினால் அடுத்த தெரு மாமிக்கும் பொருந்தும்.

ஆனால் நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் அப்பா இருக்கிறார். அந்தக் கண்டல் காய்! மரத்திலே தொங்கும்போதே முளைவிட்டு, ஈட்டிபோல் நீண்டு விழுகிற காய் அது. சேற்றில் குத்தி நின்றால் மரம், தண்ணீரில் விழுந்தால் எங்காவது ஒதுங்கும்வரை மிதப்பு. மிதக்கிறதை எடுத்துக் குத்திவிட ஒரு வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தியிருக்கிறார். இதை ஏன் மலரில் எழுதவில்லை? பிந்திப் போனது குறை என்று நினைத்தீர்களா? அதையும் சேர்த்தே எழுதுங்கள். பள்ளி அதிபர் ஏசியிருந்தால் அதையும்.

திவசத்துக்கு இன்னும் பத்து மாதமளவில் இருக்கிறது. ஒரே மூச்சில் எழுத உட்கார வேண்டாம். பருவம் வர வர எழுதுங்கள். இப்போது கச்சான் என்கிற வெக்கைக் காற்று அடிக்கிறது. இந்த வெக்கையில் அப்பா என்ன செய்வார்? குருவிக்குத் தண்ணீர் வைப்பாரா, எந்தச் சட்டியில், அதற்கு அம்மா சத்தம் போட்டாவா? வாடைக்காற்றோடு வெளிநாட்டுப் பறவைகள் வாவிக்கு வரும்போது யாரைக் கூட்டிக்கொண்டு போவார்? மாரி முற்றி, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால் வாவி வற்றி, சேற்றில் கொக்கும் நாரையும் கூடுமே, அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து என்ன சொல்வார்? வெயில் காலத்து நிலவில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்துப் பாடுமீன் கேட்டவர்களில் அவரும் ஒருவரா? அந்தந்த மாதம் வரும்போது நினைவும் தானாக வரும். உடனே ஒரு கொப்பியில் குறித்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விட்டால் போய்விடும்.

அடுத்தது, பாதையில் கூடப் போனவர்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததோடு அந்தக் காத்திருப்பு முடிந்துபோனது. ஆனால் கூடக் காத்திருந்த வாத்திமார், தயிர்ச் சட்டியோடு ஏறியவர்கள், அவரிடம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். “அப்பா எப்படிப்பட்டவர்?” என்று கேட்காதீர்கள், “தங்கமான மனுஷன்” என்றுதான் சொல்வார்கள். “கடைசியாக எதைப் பற்றிக் கதைத்தீர்கள்?” என்று கேளுங்கள்.

வீட்டைச் சுற்றியுள்ள வளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் ஆம்பிளைதானே கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போகிறவர். வீடும் வளவும் பெரும்பாலும் அம்மாவுக்கு வந்த சீதனமாக இருக்கும், நாளைக்கு மகளுக்குப் போகும். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், தன் பெயரில் ஒரு பிடி மண் இல்லாத வளவில் இவ்வளவு காலமும் மரம் நட்டிருக்கிறார் மனுஷன். முதலில் நட்டது எது, யார் வேண்டாம் என்றது, 78 நவம்பர்ச் சூறாவளிக்குத் தப்பிய மரம் எது என்று அம்மாவிடம் கேளுங்கள். அம்மா சொல்வதில் கொஞ்சம் குறையும் கலந்து வரும். மரப் பைத்தியம் பிடித்தவரோடு குடும்பம் நடத்துவது சும்மாவா, கிளை ஒன்றை வெட்டக்கூட விட்டிருக்க மாட்டாரே! வெட்டிவிடாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, தம்பியின் கன்றுக்கு வருவோம். யோசனை நல்லது, நாள்தான் சரியில்லை. திவசம் வைகாசியில். அந்த வெயிலில் கொடுத்த கன்று கச்சானில் கருகிவிடும், தினமும் தண்ணீர் ஊற்ற எல்லாருக்கும் உங்கள் அப்பா மனசு இராது. வருகிற ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் கொடுங்கள், திவசத்துக்குள் வேர் பிடித்துவிடும். எந்தக் கன்று என்றால், மருது வேண்டாம்; அது ஆற்றோரத்து மரம், பெரிதாக வளரும், சின்ன வளவுக்கு ஆகாது. வீட்டுக்குக் கொடுக்க வேம்போ நாவலோ போதும். நாவல் என்றால் கிணற்றுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள், பழம் முழுக்கத் தண்ணீரில் விழும்.