தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிப் படிவம் ஒன்றுக்குப் போன பிள்ளைக்கு அறிவியல் கலைச்சொற்களை விளையாட்டு மூலம் சொல்லித்தர முடியுமா?

முடியும். ஆனால் எல்லா விளையாட்டும் இதற்கு உதவாது.

ஆறாம் ஆண்டு வரை தமிழில் அறிவியல் படித்த மகள், இடைநிலைப்பள்ளியில் மலாய்க் கலைச்சொற்களைப் பார்த்து மலைத்து நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவில், பினாங்கின் பிறை நகரில் டியூஷன் எடுக்கும் நான் ஆண்டுத் தொடக்கத்தில் பார்ப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான். இவர்களுக்கு ஒளிச்சேர்க்கை நன்றாகத் தெரியும். ஃபோட்டோசிந்தேசிஸ் என்ற பெயரை அதோடு ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. செல்லின் பகுதிகளான சிட்டோபிளாஸ்மா, வாகுவோல் கதை வேறு. அங்கே பெயரும் புதிது, பொருளும் புதிது. முதலில் செல்லின் படத்தை வரைந்து பாடமாகத்தான் நடத்த வேண்டும். தெரியாத பொருளை விளையாட்டு கற்றுத்தராது, தெரிந்ததை நாக்கு நுனிக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான்.

பலரும் முதலில் தேடுவது கஹூட் என்ற இணையப் புதிர்ப்போட்டி. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது நான்கு விடைகளைக் கண்ணெதிரே வைத்துவிட்டு வேகத்துக்கு மதிப்பெண் தருகிறது. சொல்லைப் பார்த்ததும் அடையாளம் காண்பது ஒன்று, வெறுந்தாளில் அதே சொல்லை எழுதுவது வேறு. பரமபதம் இன்னும் மோசம். தாயக்கட்டை கைகொடுத்தால் ஒன்றுமே தெரியாதவன்கூட ஏணியில் ஏறிப் போய்விடுவான்.

எனக்குக் கைகொடுப்பது தடைச்சொல் ஆட்டம். மணிலா அட்டையைச் சீட்டுகளாக வெட்டி, மேலே கலைச்சொல், கீழே சொல்லக்கூடாத நான்கு சொற்கள். சீட்டு எடுத்தவர் விளக்க வேண்டும், அணியினர் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். விளக்கம் தமிழிலோ மலாயிலோ, கலந்தோகூட இருக்கலாம். விடை மட்டும் பரீட்சை மொழியில். அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தும் டிஎல்பி (இருமொழித் திட்ட) வகுப்பென்றால் ஆங்கிலத்தில்.

ஒரு நாள் பெஞெஜாத்தான் சீட்டு வந்தது. ஆவியாதல். தடைச்சொற்கள்: தண்ணீர், வெயில், ஆவி, காய்தல். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாப்பாட்டுக் கடையில மேசைய ஈரத்துணியால துடைப்பாங்கல்ல, கொஞ்ச நேரத்துல அந்த ஈரம் எங்க போச்சு?" என்றான். அவன் அணியிலேயே ஒருத்தி "பெண்டிடிஹான்!" என்று கத்தினாள். கொதித்தல். "மேசைக்கடியில அடுப்பா வச்சிருக்காங்க?" என்று இவன் திருப்பிக் கேட்டான். வகுப்பே சிரித்தது. கொதிக்க வேண்டுமென்றால் நீர் 100 டிகிரியை எட்ட வேண்டும், அப்போது திரவம் முழுவதிலும் குமிழி வரும். ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் மேற்பரப்பில் மட்டும் நடக்கும். பாடநூலின் இந்த வேறுபாட்டை அவன் அந்த ஒரே கேள்வியில் போட்டு உடைத்துவிட்டான். அதற்குமேல் நான் விளக்கம் சொல்லவில்லை.

பரவலுக்கு, அதாவது ரெசாப்பானுக்கு, ஒரு பிள்ளை பாலிக் பூலாவிலிருந்து மாமா டுரியான் கொண்டுவந்த கதையையே சொல்லிவிட்டாள். 'வாசனை' தடைச்சொல் என்பதால், "யாரும் சொல்லாமலே அடுத்த ரூம்ல இருக்கிற பாட்டிக்குத் தெரிஞ்சிடும்" என்று சமாளித்தாள்.

குழப்பும் சோடிகளை ஒரே சீட்டுக்கட்டில் போடுங்கள். ஆவியாதலும் கொதித்தலும், உருகுதலும் கரைதலும் சேர்ந்தே வரட்டும். ஜிசிமும் (பொருண்மை) பெராட்டும் (எடை) அப்படித்தான். சந்தையில் கிலோ கணக்கில் எடை கேட்டே பழகிய பிள்ளைக்கு, கிலோகிராம் பொருண்மைக்கு உரியது, எடைக்கு நியூட்டன்தான் என்பது பிடிபட நாளாகும். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்காகும், பொருண்மை மாறாது. இதை வைத்துச் சீட்டு எழுதினால் நல்ல சண்டை நடக்கும்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். அதை நம்ப வேண்டாம். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், பார்க்காமல் நினைவுபடுத்திப் பழகியவர்கள் முந்தினார்கள். அதனால் பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் அடுத்த வாரச் சீட்டுக்கட்டில் கலந்துவிடுங்கள். ஒரு தடவைக்குப் பத்துச் சீட்டு போதும். அப்புறம், அன்றைக்குத் தடுமாறிய சொற்களை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுத வையுங்கள். முணுமுணுப்பார்கள், விடாதீர்கள். எழுத்துப்பிழை வெளியே வருவது அங்கேதான்.

வீட்டில் நீங்களும் மகளும் மட்டும்தான் என்றால் விளக்குவது அவள், கண்டுபிடிப்பது நீங்கள். உங்களுக்கு மலாய்க் கலைச்சொல் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, தமிழில் சொல்லுங்கள், அவள் திருத்தட்டும். தம்பி தங்கை இருந்தால் தடைச்சொல்லைப் பிடிக்கும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அக்கா வாய் தவறியதும் கத்துவதற்கு அவர்களுக்குள் போட்டியே நடக்கும்.