பல கமெராக்களில் ஒரே பயணம்: படங்களை நேர வரிசையில் அடுக்குவது எப்படி?

கேள்வி: கடந்த ஆகஸ்ட் மாதம் லண்டனிலிருந்து அண்ணன் குடும்பமும் ரொறன்ரோவிலிருந்து சித்தியும் வந்திருந்தபோது, எல்லோருமாகத் திருக்கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்றுகள், புறாத்தீவு என்று சுற்றிப் பார்த்தோம். அண்ணனின் பெரிய கமெரா, சித்தியின் சிறிய கமெரா, என் கைத்தொலைபேசி, அண்ணியின் ஐபோன் ஆகியவற்றில் எடுத்த படங்களையும் வட்ஸ்அப்பில் வந்தவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டேன். கோணேசர் கோயிலடியில் பார்த்த சூரிய உதயம் முதல்நாள் இரவுச் சாப்பாட்டுப் படங்களோடு கிடக்கிறது. அம்மாவுக்கு ஓர் அல்பம் செய்துகொடுக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, உப்புவெளி

பதில்: குழப்பத்துக்குக் காரணம் கமெராக்களின் கடிகாரங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும், அது எடுக்கப்பட்ட திகதியும் நேரமும் 'எக்சிஃப்' எனப்படும் தகவல் பகுதியில் எழுதப்படுகின்றன. கைத்தொலைபேசி உள்ளூர் நேரத்தை வலையமைப்பிலிருந்து பெரும்பாலும் தானாகவே பெற்றுக்கொள்ளும். கமெராவோ உரியவர் கடைசியாக வைத்த நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை நேரத்தைவிட லண்டன் நேரம் 4 மணித்தியாலம் 30 நிமிடமும், ரொறன்ரோ நேரம் 9 மணித்தியாலம் 30 நிமிடமும் பின்தங்கியிருக்கும். எனவே இங்கு காலை 6 மணிக்கு எடுத்த படம், சித்தியின் கமெராவில் முதல்நாள் இரவு 8.30க்கு எடுத்ததாகவே பதிவாகியிருக்கும்.

கோப்புறையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக இழுத்து வைக்க முயலாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து, அதை வேறொரு வன்தட்டில் தொடாமல் வைத்துவிட்டு, மற்றப் பிரதியைக் கருவிக்கு ஒன்றாகத் தனித்தனிக் கோப்புறைகளில் பிரியுங்கள். எந்தப் படம் எந்தக் கருவியுடையது என்பதும் எக்சிஃப் தகவலிலேயே இருப்பதால், கலந்துவிட்டவற்றையும் பிரித்தெடுக்கலாம்.

அடுத்த வேலைதான் முக்கியமானது. இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். எல்லாக் கமெராக்களும் ஒரே கணத்தைப் பிடித்த ஒரு காட்சியைத் தேடுங்கள். நிலாவெளியிலிருந்து சென்ற படகு புறாத்தீவைத் தொட்டு, முதல் ஆள் மணலில் கால் வைத்த கணம் போன்ற ஒன்று எல்லோரிடமும் இருக்கக்கூடும். அந்தப் படத்தில் உங்கள் கைத்தொலைபேசி காட்டும் நேரத்தைச் சரியென்று கொண்டு, மற்றக் கருவிகள் ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். நேர வலய வித்தியாசத்தை மட்டும் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். நெடுநாள் திருத்தப்படாத கமெராக் கடிகாரம் சில நிமிடங்கள் முன்பின்னாக நகர்ந்திருக்கும் என்பதால், நான் கண்ணால் ஒப்பிட்டுப் பெற்ற கணக்கையே நம்புவேன். இடையில் மின்கலம் முற்றாகத் தீர்ந்து கமெராவின் கடிகாரம் தொழிற்சாலைத் திகதிக்குத் திரும்பியிருந்தால், அதற்கு முந்திய படங்களுக்கு ஒரு கணக்கும் பிந்தியவற்றுக்கு வேறொரு கணக்கும் வேண்டும்.

வித்தியாசம் தெரிந்தபின், டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் ஒரு கோப்புறையின் படங்கள் அனைத்தையும் தெரிவுசெய்து, அவற்றின் நேரத்தை ஒரே தடவையில் தேவையான அளவு முன்னோ பின்னோ நகர்த்தலாம். கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்களுக்கு எக்சிஃப்டூல் இன்னும் விரைவானது.

காணொளிகளைத் தனியாகக் கவனியுங்கள். பல கைத்தொலைபேசிகள் படத்தில் உள்ளூர் நேரத்தையும் காணொளிக் கோப்பில் உலகப் பொது நேரத்தையும் எழுதுவதால், ஒரே கருவியில் அடுத்தடுத்து எடுத்தவைகூட 5 மணித்தியாலம் 30 நிமிடம் விலகி நிற்கலாம்.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பப்பட்டவற்றில் எக்சிஃப் தகவல் பொதுவாக நீக்கப்பட்டிருக்கும். கோப்பின் பெயரில் உள்ள திகதியும் படம் எடுத்த நாளைக் குறிப்பதாகக் கொள்ள முடியாது. அனுப்பியவரிடம் மூலப்படத்தை மின்னஞ்சலிலோ, வட்ஸ்அப்பிலேயே 'ஆவணம்' என்ற வழியிலோ மீண்டும் கேட்டு வாங்குங்கள். மூலம் அழிந்துபோயிருந்தால், உடையையும் இடத்தையும் வெயிலின் சாய்வையும் பார்த்து, நேரம் தெரிந்த படங்களுக்கு இடையில் பொருத்தி, அந்த நேரத்தை நீங்களே எழுதிவிடலாம். இந்த வேலைக்கு அம்மாவை அருகில் இருத்திக்கொள்ளுங்கள். கன்னியாவுக்குப் போனது முற்பகலா பிற்பகலா என்பது அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும்.

எல்லாக் கடிகாரங்களும் ஒத்துவந்த பிறகே படங்களை ஒரே கோப்புறையில் சேர்த்துப் பெயர் மாற்ற வேண்டும். ஆண்டு, மாதம், நாள், பின்னர் மணி, நிமிடம், விநாடி என்ற ஒழுங்கில் 20250814_055812 என்பதுபோலப் பெயரிட்டால், எந்தக் கணினியிலும் பெயர் வரிசையே நேர வரிசையாகிவிடும். மணிக்கும் நிமிடத்துக்கும் இடையில் முக்காற்புள்ளி இடாதீர்கள். விண்டோஸ் அதை ஏற்காது. பெயரின் இறுதியில் கருவியின் அடையாளத்தையும் கமெரா இட்ட பழைய இலக்கத்தையும் விட்டுவைத்தால், ஒரே விநாடியில் தொடராக எடுத்த படங்களும் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்கும்.

கேள்வி: எல்லாவற்றையும் கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றிவிட்டு அங்கேயே திகதியைத் திருத்தினால் போதாதா?
— வாசகர், மூதூர்

பதில்: திரையில் பார்ப்பதற்கு மட்டும் என்றால் போதும், பல படங்களின் நேரத்தை ஒன்றாக நகர்த்தும் வசதி அதன் இணையப் பதிப்பில் உண்டு. ஆனால் அந்தத் திருத்தம் கூகுளின் தொகுப்பில் நிற்குமே தவிர, படக்கோப்பினுள் எழுதப்படாது. நாளை தொகுப்பு முழுவதையும் இறக்கி வேறிடத்துக்கு மாற்றினால் பழைய நேரங்களே உங்களைத் தேடி வரும். ஆகவே முதலில் கணினியில் திருத்திவிட்டு, பின்னர் ஏற்றுங்கள்.