கராஜ் பக்கம்: கேள்வி – பதில்

கேள்வி: அண்ணன், நாங்கள் ஒரு பழைய வேகன் ஆர் வாங்கப் பார்க்கிறோம். "ஒரிஜினல் ஜப்பான், பார்ட்ஸ் எல்லாமே ஜப்பான்" என்கிறார் புரோக்கர். சுசுகி என்றாலே இந்தியாதான் என்கிறார் மாமா. யார் பேச்சைக் கேட்பது? – ஓர் ஆசிரியை, கொட்டகலை

பதில்: இரண்டு பேரையும் விட்டுவிட்டு செசி நம்பரை, அதாவது கம்பெனி வண்டியின் இரும்பில் அடித்த அடையாள நம்பரைப் பாருங்கள் தங்கச்சி. வேகன் ஆரை ஜப்பானில் சுசுகி செய்கிறது, இந்தியாவில் மாருதி செய்கிறது. பெயர்தான் ஒன்று, வண்டி வேறு. ஜப்பான்காரர்கள் தங்கள் ஊரில் ஓட்டச் செய்ததென்றால் நம்பர் எம்எச்34எஸ், எம்எச்55எஸ் என்கிற மாதிரித் தொடங்கும். நடுவில் ஒரு கோடு, பிறகு இலக்கங்கள். இஞ்சின் 658 சிசி. இந்திய வண்டிக்கு எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 17 வரும், தொடக்கம் எம்ஏ3. இஞ்சினும் பெரியது, சுமார் 1000 சிசி முதல் 1200 சிசி வரை.

நம்பர் அடித்த இடத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டு வாசியுங்கள். நம்பர் எழுதி ஒட்டிய தகட்டை மட்டும் பார்த்துத் திரும்பி வராதீர்கள். வண்டியின் புக்கில் உள்ள நம்பரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

"பார்ட்ஸ் எல்லாமே ஜப்பான்" என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. ஆல்டர்னேட்டர், பிளக், ஷொக் அப்சோர்பர் எல்லாம் வேறு கம்பெனிகளிடம் வாங்கிப் பூட்டுவதுதான். அப்படிப் பார்ட்ஸ் செய்யும் டென்சோ கம்பெனியின் தலைமையகம் ஜப்பானின் காரியா நகரில் இருக்கிறது. தொழிற்சாலைகள் தாய்லாந்து, இந்தியா, இந்தோனேசியாவிலும் உண்டு. பெட்டியில் தாய்லாந்து என்று கண்டதும் 'டுப்ளிகேட்' என்று நல்ல சாமானைத் திருப்பிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. கம்பெனி பெயர் கலங்கி அச்சாகி, பார்ட் நம்பரே இல்லாமல் வரும் பெட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் 43உம் இருந்தால் ஜப்பானில் செய்தது என்பார்கள். அது அந்தக் கண்ணாடிக்குத் தர அனுமதி கொடுத்த நாட்டின் எண். எங்கே செய்தார்கள் என்பதை அது சொல்லாது.

நம்மூர்க்காரருக்கு இதெல்லாம் ஏன் முக்கியம்? கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டு "வேகன் ஆர் பிரேக் பேட்" என்று மட்டும் சொன்னால், எந்த வேகன் ஆருக்கு வரும் என்று தெரியாது. பார்சல் ஹட்டன் வந்து, பூட்டப் போகும்போது பொருந்தாது. திருப்பி அனுப்பி மறுபடி காத்திருக்க வேண்டும். கினிகத்தேனை இறக்கத்தில் ஓட்டும் வண்டிக்கு பிரேக் விஷயத்தில் அந்தத் தாமதமும் கூடாது, "சமாளிக்கலாம்" என்று பூட்டுவதும் கூடாது. செசி நம்பரைப் போட்டோ எடுத்து போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாமான் கேட்கும்போது முதலில் அதை அனுப்புங்கள்.

கேள்வி: இலங்கையில் பொருத்திய கார் வாங்கலாமா? – வாசகர், பண்டாரவளை

பதில்: தாராளமாக. மைக்ரோ என்ற நம்மூர்க் கம்பெனியின் கார்களைப் பொல்கஹவெலையில் பொருத்தினார்கள். மஹிந்திரா கேயூவி 100ஐ 2019இல் வெலிப்பன்னையில் பொருத்தத் தொடங்கினார்கள். பொருத்துவது இங்கே என்றாலும் இஞ்சின் வெளியிலிருந்துதான் வருகிறது. மைக்ரோ பாண்டாவும் அடிப்படையில் சீனாவின் ஜீலி கம்பெனியின் கார்தான். ஆகவே கிளட்ச், முன்கண்ணாடி, பிரேக் பேட் மூன்றும் இன்றைக்குக் கடையில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.