மடை அடைத்த கடல்

வணக்கம் ஐயா,

சென்ற வாரம் மகளைத் திருவக்கரைக்கு அழைத்துப்போய்க் கல்மரங்களைக் காட்டினேன். திரும்பும்போது சேதராப்பட்டில் உறவினர் ஒருவர், கிணறு வெட்டியபோது கிடைத்ததென்று சிப்பி பதிந்த கல் ஒன்றைக் கொடுத்தார். "இங்கே இருந்த கடல் காய்ந்துபோய்விட்டதா? அப்படியானால் உப்பெல்லாம் எங்கே?" என்று மகள் கேட்கிறாள். மத்திய தரைக்கடல் ஒரு காலத்தில் வற்றியதாகப் படித்திருக்கிறேன். நம் கடலுக்கும் அதுதான் நடந்ததா?

கே., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள கே.,

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நம் பக்கத்துக் கடல் வற்றவில்லை, பின்வாங்கியது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தின் பிற்பகுதியில் உலகக் கடல் மட்டமே மிக உயர்ந்திருந்தது. சேதராப்பட்டு, வழுதாவூர் எல்லாம் அன்று நீருக்கடியில். பெருங்கடலோடு வாசல் திறந்திருந்த கடல் அது. இறங்கியபோது உப்பையும் தன்னோடு கொண்டுபோய்விட்டது. மிச்சம் சுண்ணாம்புக்கல்லும் சிப்பியும். திருவக்கரை மரங்கள் அதற்கு வெகுகாலம் பிந்தியவை, மணலில் புதைந்து கல்லானவை. இரண்டையும் ஒரே கதையாகச் சொல்லிவிடாதீர்கள்.

மத்திய தரைக்கடலின் கதை வேறு. அதைப் புரிந்துகொள்ள மரக்காணம் போனால் போதும். உப்பளத்தில் மடையை அடைத்த பிறகு பாத்தியைக் குனிந்து பார்த்திருக்கிறேன். நடுப்பகலில் நீரின் மேல் மெல்லிய ஏடு கட்டுகிறது. ஏட்டில் சின்னச் சதுரங்கள். கனம் தாங்காமல் ஒவ்வொன்றாக அடியில் இறங்குகின்றன. கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பு பிரியும், பிறகு ஜிப்சம். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நீர் மிஞ்சும்போதுதான் நாம் சாப்பிடும் உப்பு வரும்.

மத்திய தரைக்கடலில் ஆவியாகிப் போகும் நீரை மழையும் ஆறுகளும் ஈடுகட்டுவதில்லை. ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக் பெருங்கடல் ஊட்டுவதால்தான் அது நிறைந்திருக்கிறது. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் மேலெழுந்து அந்த மடை அடைபட்டது. 1970இல் குளோமார் சேலஞ்சர் என்ற கப்பல் அங்கே கடலடியைத் துளைத்தபோது, ஆழ்கடல் சேற்றுக்குக் கீழே ஜிப்சமும் உப்பும் வந்தன.

எனக்கு இன்றும் வியப்பு தீராத கணக்கு ஒன்று உண்டு. 1,000 மீட்டர் ஆழக் கடல்நீர் முழுக்க வற்றினாலும் சுமார் 16 மீட்டர் உப்புத்தான் படியும். அங்கேயோ சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒருமுறை வற்றினால் இவ்வளவு சேராது. நீர் வந்துகொண்டே, வற்றிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். பாத்திக்கு மீண்டும் மீண்டும் நீர் பாய்ச்சுவது போலத்தான்.

அடிவரை வற்றியதா, ஆழத்தில் கரிப்பு நீர் தேங்கி நின்றதா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. ஆனால் நீர்மட்டம் வெகுவாக இறங்கியதற்கு நைல் சாட்சி. கடலைத் துரத்திக்கொண்டு ஆறும் தன் படுகையை அறுத்தது. கடலிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் உள்ளே, அஸ்வான் அணைக்காகத் துளையிட்டபோது ஆற்றுக்கடியில் ஆழமான பள்ளமும், அதில் கடல் படிவும் தென்பட்டன. சுமார் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஜிப்ரால்டர் திறந்தது. பெரும்பகுதி இரண்டு ஆண்டுகளுக்குள் நிரம்பியிருக்கலாம் என்று 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

மகளிடம் சொல்லுங்கள்: அந்த உப்பு எங்கும் போகவில்லை, மத்திய தரைக்கடலின் அடியிலேயே கிடக்கிறது. வெயில் காலத்தில் அவளை மரக்காணத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். உப்பை வாரும்போது பாத்தி ஓரத்தில் நின்று பார்க்கட்டும். சிப்பிக் கல்லைக் கழுவித் தேய்க்க வேண்டாம்; எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று உறவினரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வைத்திருங்கள்.