ரொட்டியை அறுத்தது யார்?

கேள்வி: சாண்ட்விச்சைக் கண்டுபிடித்தவர் சூதாட்டப் பித்துப் பிடித்த ஒரு பிரபு என்கிறார்களே, உண்மையா?

பதில்: பிரபு உண்மை. சூதாட்டம் ஊர்ப்பேச்சு. 'கண்டுபிடித்தவர்' என்கிறீர்களே, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

அவர் ஜான் மாண்டேகு, சாண்ட்விச்சின் 4-வது ஏர்ல். ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம். சாண்ட்விச் என்பது இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு பழைய துறைமுக ஊர். 1762 நவம்பரில் வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன், லண்டன் கிளப் ஒன்றில் பெரிய மனிதர்கள் ஆறிய இறைச்சியோ சாண்ட்விச்சோ சாப்பிட்டதை நாட்குறிப்பில் எழுதினார். உணவின் பெயராக அந்தச் சொல் எழுத்தில் தென்படுவது அங்கேதான் முதலில். கூடவே விளக்கம் எதுவும் இல்லை. அதற்குள் லண்டனில் அது புழங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் க்ரோஸ்லே என்ற பிரெஞ்சுப் பயணி வந்தார். அமைச்சர் ஒருவர் 24 மணி நேரம் சூதாட்ட மேஜையை விட்டு எழாமல், வாட்டிய ரொட்டிக்கு நடுவே மாட்டிறைச்சி வைத்துத் தின்றார் என்று எழுதிவைத்தார். அந்தக் கதை நம் பிரபுவின் மேல் ஒட்டிக்கொண்டது. கடற்படை நிர்வாகத்தில் மூழ்கியிருந்த மனிதர், அலுவலக மேஜையிலேயே சாப்பிட்டிருப்பார் என்கிறார் அவர் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதியவர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

சரி, எந்த மேஜையானால் என்ன? பிரபு சாப்பிட்டார், அவ்வளவுதான். ரொட்டியை அறுத்தது யார்? விரலில் பிசுக்கு ஒட்டாதபடி இறைச்சியை மெல்லியதாகச் சீவி, நடுவே வைத்து நீட்டியது யார்? அந்த ஆளின் பெயரை ஒருவரும் குறித்துவைக்கவில்லை. யூதர்களின் பஸ்கா பண்டிகை ஆட்டிறைச்சியையும் கசப்புக் கீரையையும் புளிப்பில்லாத ரொட்டியோடு சேர்த்து உண்ட யூத அறிஞர் ஹில்லேலோ, இவர்களுக்கு ஏறக்குறைய 1,800 ஆண்டுகள் முந்தியவர்.

இந்தக் 'கண்டுபிடித்த' வியாதியோடு நான் மல்லுக்கட்டுவது புதிதல்ல. 1778-ல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் ஹவாய்க்குப் போனார். பல நூறு ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்துவந்த தீவுகள் அவை. அவற்றுக்குக் குக் வைத்த பெயர் 'சாண்ட்விச் தீவுகள்'. கடற்படைத் தலைமையில் இருந்த இதே பிரபுவின் பெயர்! அவர் அந்தத் தீவுகளில் காலடி வைத்ததே இல்லை. குக் ஹவாயைக் 'கண்டுபிடித்தார்' என்று இன்னமும் எழுதுகிறார்கள்.

மனசு ஆறுவதற்கு என்னிடம் இருப்பது நாச்சோஸ் கதை. 1940-களில் மெக்சிகோவின் பியெத்ராஸ் நெக்ராஸ் ஊர் உணவகம் ஒன்றில் சமையல்காரரைக் காணோம். அங்கே வேலை பார்த்த இக்னாசியோ அனாயா, தானே அடுக்களைக்குள் போய், சோள வறுவல் மேல் சீஸை உருக்கி, மிளகாய்த் துண்டுகளைத் தூவிப் பரிமாறினார். இக்னாசியோ என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் நாச்சோ. பெயர் சாப்பிட்டவருக்குப் போகவில்லை, செய்த கைக்கே கிடைத்தது.